விற்பதற்கு முன் வீட்டைத் தயார்ப்படுத்துதல்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

வீட்டை விற்க முடிவு செய்ததும் பலர் செய்யும் முதல் வேலை, புதிய திண்டு உறைகளும் ஒரு பூச்சாடியும் வாங்கி வருவது. அன்று மாலையே கைப்பேசியில் படம் எடுத்து விளம்பரமும் போட்டுவிடுகிறார்கள். மூன்றாவது வாரத்தில்தான் சுவருக்கு வண்ணம் பூசினால் என்ன என்று தோன்றுகிறது. ஆள் வருகிறார், சாமான்கள் அறையின் நடுவே குவிகின்றன, புதிய திண்டு உறையில் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. அதற்குள் பழைய படங்களைப் பார்த்து வந்தவர்கள் வீட்டையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். போனவர்கள் திரும்புவது அரிது.

வேண்டியவர்களின் வீடுகள் சிலவற்றைத் தயார்ப்படுத்தக் கூடவே நின்று வேலை பார்த்திருக்கிறேன். இதில் கடினமான வேலை என்று எதுவும் கிடையாது. வரிசை பிசகினால் மட்டும் ஒவ்வொரு வேலையையும் இரண்டு முறை செய்ய நேரும். அகற்றுதல், பழுது நீக்குதல், வண்ணம், சுத்தம், வெளிச்சம், சாமான் அமைப்பு, படம் என்பதுதான் வரிசை. தரகர்கள் ‘ஸ்டேஜிங்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் ஆறாவதை மட்டும் சொல்கிறார்கள். முதல் ஐந்தும் நடக்காத வீட்டில் ஆறாவது எடுபடாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆட்கள் வசிக்கும் வீடு என்றால் நான்கு வாரம் ஒதுக்குங்கள். காலி வீடாக இருந்து பெரிய பழுதும் இல்லை என்றால் இரண்டு வாரம் போதும். சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று இறங்கிய யாரும் முடித்து நான் பார்த்ததில்லை.

ஒரே அளவிலான உறுதியான அட்டைப்பெட்டிகள், அளவு நாடா, ஸ்க்ரூடிரைவர், பட்டி பூசும் தகடு, உப்புத்தாள், ஓரங்களில் ஒட்டும் காகித டேப், இடுக்குகளை அடைக்கும் சிலிகான் குழல், ஒரு நோட்டு. இவ்வளவும் முதல் நாளே வீட்டில் இருக்கட்டும். பெட்டிகள் ஒரே அளவில் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாமல் அடுக்கலாம். விதவிதமான பெட்டிகள் இருமடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இவற்றைவிட முக்கியம், கட்டிய பெட்டிகளை வைக்க வீட்டுக்கு வெளியே ஓர் இடம். உறவினர் வீட்டு மாடியோ வாடகைக் கிடங்கோ எதுவானாலும் சரி. அது இல்லாதவர்கள் ஒரு படுக்கையறையைக் கிடங்காக்கிவிடுகிறார்கள். பார்க்க வருபவர் அந்தக் கதவைத் திறந்ததும் ‘இந்த வீட்டில் சாமான் வைக்க இடம் போதவில்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார். மூன்று அறை வீட்டை இரண்டு அறை வீடாக நீங்களே ஆக்கியதாகிவிடும்.

1. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நாள்காட்டியில் முதலில் குறிக்க வேண்டியது படம் எடுக்கும் நாள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். படத்துக்கு முந்தைய நாள் சாமான் அமைப்பு. அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் சுத்தம். சுத்தத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே வண்ணப் பூச்சு முடிந்திருக்க வேண்டும். சுவரைத் தொட்டால் கையில் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் வாடை அவ்வளவு சீக்கிரம் போகாது. உள்ளே நுழைந்ததும் புது வண்ண வாடை அடித்தால், ‘எதையோ மூடியிருக்கிறார்கள்’ என்றுதான் பலருக்கும் தோன்றும்.

சுவரில் ஓதம் இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். நீர் வரும் வழியை அடைத்த பிறகும் சுவர் காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே ஓதம் இருக்கிறதா என்ற சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள். எப்படி என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

2. வந்தவர் கண்ணால் ஒரு சுற்று

நோட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் நில்லுங்கள். அங்கிருந்து முதன்முறை வருபவரைப்போல வாசல் வழியாக உள்ளே வாருங்கள். ஒவ்வோர் அறையின் வாயிலிலும் நின்று கண்ணில் படும் குறைகளை எழுதுங்கள். அங்கேயே நின்று கைப்பேசியில் ஒரு படமும் எடுங்கள். பத்து ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தொலைக்காட்சியின் பின்னால் தொங்கும் வயர்க் கொத்து தெரியாது. படத்தில் அது மட்டும்தான் தெரியும்.

மூக்கை நம்பவே முடியாது. ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். அதனால் இதற்கு வெளியாள் ஒருவர் தேவை. அவரிடம் ‘வீடு எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ‘உள்ளே வந்ததும் என்ன வாசனை அடித்தது?’ என்று கேளுங்கள்.

நான் கூட நின்ற ஒரு வீட்டில் எல்லாமே பளிச்சென்று இருந்தது. ஆனால் பின்பக்க அறைக்குப் போன ஒவ்வொருவரும் மூக்கைச் சுளித்தார்கள். வீட்டுக்காரர் வாசனைத் தெளிப்பான் இரண்டு புட்டிகளைக் காலி செய்துவிட்டார். காரணம், யாரும் புழங்காத குளியலறை. தரைக் கழிவுக் குழாயின் அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு வளைவு உண்டு. சாக்கடைக் காற்று மேலே வராமல் அந்தத் தண்ணீர்தான் தடுக்கிறது. பல வாரம் புழங்காவிட்டால் அது ஆவியாகி, வழி திறந்துகொள்ளும். இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் வாடை இல்லை. காலி வீட்டை விற்பவர்கள் வாரம் ஒருமுறை எல்லாக் கழிவு வாய்களிலும் தண்ணீர் ஊற்றிவர வேண்டும்.

வாசனைப் பொருளால் வாடையை மறைக்க முயலாதீர்கள். வாடையோடு வாசனையும் சேர்ந்தால் இரண்டையும்விட மோசமான மூன்றாவது ஒன்று வரும்.

3. அகற்றுதல்: மறைவிடத்திலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் எல்லோரும் கூடத்து மேசையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மேசையில் இருந்தவை அலமாரிக்குள் போகின்றன, அலமாரி பிதுங்குகிறது. நீங்கள் பரணிலிருந்தும் அலமாரிகளிலிருந்தும் தொடங்குங்கள். அவை காலியானால்தான் வெளியே கிடப்பவற்றுக்குப் போக்கிடம் கிடைக்கும்.

சுவரோடு பதித்த அலமாரிகளை வாங்க வருபவர் கட்டாயம் திறந்து பார்ப்பார். அவை வீட்டோடு சேர்ந்தவை, ஆகவே அதில் தவறும் இல்லை. ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். நிரம்பி வழியும் அலமாரி எவ்வளவு பெரிதானாலும் ‘போதாது’ என்றே படும். அதே அலமாரியைப் பாதி காலியாக்கிப் பாருங்கள், தாராளமாகத் தெரியும்.

பிரிக்கும்போது நான்கு குவியல் போதும். புதிய வீட்டுக்குப் போவது, அன்றாடம் வேண்டியது, கொடுத்துவிடுவது, குப்பை. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஐந்தாவதாக ஒன்றைத் தொடங்கினால் மற்ற நான்கும் அதற்குள் போய்விடும்.

குடும்பப் படங்கள், பட்டங்கள், பரிசுக் கோப்பைகள் எல்லாம் முதல் வாரமே பெட்டிக்குள் போகட்டும். அடுத்தவர் குடும்பப் படங்களுக்கு நடுவே நிற்பவர் தன்னை விருந்தாளியாக உணர்வார். தன் கட்டிலை எங்கே போடுவது என்று யோசிக்க மாட்டார். பாதுகாப்பும் ஒரு காரணம். விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சான்றிதழில் உள்ள பெயர், பிள்ளையின் பள்ளி, மேசைமேல் கிடக்கும் வங்கிக் கடிதம், ஆணியில் தொங்கும் சாவி எல்லாம் தெரியும். மருந்துகளையும் நகைகளையும் வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். பூட்டி வைத்தால் போதாது.

பலர் தவறவிடும் ஒன்று: உங்களோடு கொண்டுபோக நினைக்கும் தொங்கு விளக்கோ சுவர்க் கண்ணாடியோ இருந்தால் இப்போதே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாதாரணமாக ஒன்றை மாட்டுங்கள். பார்த்தவர் அதையும் வீட்டோடு சேர்த்தே கணக்கிடுவார். பேரம் முடிந்த பிறகு அதைக் கழற்றினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

அடுத்தது மரச்சாமான்கள். அளவு நாடாவை எடுங்கள். ஆட்கள் நடந்து போகும் வழி 75 முதல் 90 சென்டிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். எங்கே உடலைத் திருப்பிக்கொண்டு நுழைய வேண்டியிருக்கிறதோ அங்கே ஒரு சாமான் அதிகம். வீடு பார்க்க வருபவர்கள் இரண்டு மூன்று பேராக வருவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்காக எல்லாவற்றையும் வெளியேற்றிவிடாதீர்கள். வெறும் அறையில் அளவு தெரிவதற்குக் கண்ணுக்குப் பிடிமானம் இருக்காது. ‘இதில் கட்டில் கொள்ளுமா?’ என்ற கேள்வி காலி அறையில்தான் அதிகம் எழுகிறது. கட்டில் கிடக்கும் அறையில் யாரும் அதைக் கேட்பதில்லை.

4. பழுது: சின்னதிலிருந்து பெரிது வரை

நேரத்தில் பெரும்பங்கை இங்கேதான் செலவிட வேண்டும். தாழ்ப்பாள் விழாத ஒரு கதவைப் பார்த்தவர் கதவோடு நிறுத்த மாட்டார். ‘இதையே கவனிக்காதவர்கள் குழாயையும் வயரையும் எங்கே கவனித்திருக்கப் போகிறார்கள்’ என்று எண்ணி, அந்த நிமிடத்திலிருந்து குறை தேடத் தொடங்குவார். அதுவரை வீடு பார்க்க வந்தவராகத்தான் இருந்திருப்பார்.

கதவுகளிலிருந்து தொடங்குங்கள். கதவு தொங்கித் தரையில் உரசினால் தச்சரை அழைக்கும் முன் மேல் கீலின் திருகாணிகளைத் திருகிப் பாருங்கள். பிடி இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரத்தில் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். திருகாணியைக் கழற்றி, மரப்பசை தடவிய இரண்டு மூன்று தீக்குச்சிகளை மருந்து முனையை ஒடித்துவிட்டுத் துளைக்குள் செருகுங்கள். பசை காய்ந்த பின் வெளியே நீட்டும் பகுதியை வெட்டிவிட்டு, அதே திருகாணியை மறுபடி முடுக்குங்கள். புது மரத்தில் இறங்குவதுபோல் இறங்கும். நீளமான திருகாணியை அடித்து ஏற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. சட்டம் பிளந்துவிட்டால் அதன் பிறகு தச்சர்தான் வழி.

குழாயில் தண்ணீர் மெலிதாகவோ பக்கவாட்டில் சிதறியோ வந்தால் பெரும்பாலும் குழாய் நுனியில் இருக்கும் சின்னச் சல்லடையில் உப்புப் படிந்திருக்கும். அதைத் திருகிக் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். வாங்க வருபவர் குழாயைத் திறந்து பார்ப்பார். தண்ணீர் சீறி வருவது எந்த அலங்காரத்தைவிடவும் அவருக்குத் திருப்தி தரும்.

குளியலறையில் தொட்டியோரம், கழுவுதொட்டியோரம் கறுத்துப்போன சிலிகானின் மேலேயே புதிய சிலிகானைப் பூசுகிறார்கள். அது ஒட்டாது. சில வாரத்தில் நாடாபோல உரிந்து வரும். பழையதைக் கத்தியால் முழுவதும் சுரண்டி எடுத்து, இடத்தை நன்றாகக் காயவிட்டு, இருபுறமும் காகித டேப் ஒட்டி நடுவில் புதியதைப் பூசுங்கள். சிலிகான் இறுகும் முன்பே டேப்பை இழுத்தெடுத்துவிடுங்கள், இறுகிய பின் எடுத்தால் ஓரம் கிழியும். அதன் பிறகு ஒரு நாள் முழுக்க அங்கே தண்ணீர் படக் கூடாது.

சுவரின் அடிப்பாகத்தில் வண்ணம் கொப்பளித்திருந்தாலோ வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்பை நீர் கரைத்து வெளியே கொண்டு வருகிறது, நீர் ஆவியான பின் உப்பு மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சுமார் 45 சென்டிமீட்டர் சதுரமான தடித்த பிளாஸ்டிக் தாளைச் சந்தேகப்படும் இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் இடைவெளி இல்லாமல் டேப்பால் ஒட்டிவிடுங்கள். மறுநாள் பாருங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் துளிர்த்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம் அதிகம், காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

ஈரச் சுவரில் வண்ணம் பூசுவது இந்த வேலையிலேயே மிக மோசமான தவறு. வெளியே வர வழியில்லாத நீர் பூச்சைக் கொப்பளமாகத் தள்ளும், அதுவும் சரியாக ஆட்கள் பார்க்க வரும் வாரத்தில். ஒழுகும் குழாயோ விரிசலோ எதுவானாலும் நீர் வரும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள்.

சரிசெய்ய முடியாத குறை இருந்தால் அலமாரியை நகர்த்தி அதை மறைக்காதீர்கள். விற்பவர் தெரிந்தே மறைத்த பெருங்குறைக்கு அவரையே பொறுப்பாக்கும் சட்டம் பல நாடுகளில் உண்டு. சட்டத்தை விடுங்கள், மறைத்ததை அலமாரியின் பின்னால் கண்டுபிடித்தவர் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். குறையை நீங்களே சொல்லி, அதற்கேற்ப விலை பேசுவதே மேல்.

செய்யாமல் விட வேண்டியவையும் உண்டு. விற்பதற்காக முழுச் சமையலறையையும் இடித்துக் கட்டாதீர்கள். உங்கள் ரசனையில் கட்டியதை வாங்குபவர் உடைத்துவிட்டுத் தன் ரசனையில் கட்டுவார். அலமாரிக் கைப்பிடிகளை மாற்றுவதும் கதவுகளுக்கு வண்ணம் பூசுவதும் போதும்.

5. வண்ணம்

வீடு முழுக்க ஒரே வெளிர் நிறம். வெள்ளையில் சற்றே மஞ்சளோ சாம்பலோ கலந்தது எதுவானாலும் நல்லது. பிரித்துப் பிரித்து வண்ணம் பூசிய வீட்டில் கண் ஒவ்வொரு வாயிலிலும் நிற்கிறது. ஒரே நிறமாக இருந்தால் அறை அறையாக ஓடிப்போகிறது, வீடும் பெரிதாகத் தெரிகிறது.

ஆணித் துளைகளைப் பட்டியால் அடைத்து, காய்ந்த பின் உப்புத்தாளால் தேய்த்து, அதன் மேல் ப்ரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசிவிட்டுத்தான் வண்ணத்துக்கு வர வேண்டும். ப்ரைமரைத் தவிர்த்தால் பட்டி பூசிய இடம் வண்ணத்தை அதிகம் உறிஞ்சி, பக்கவாட்டு வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். கறை பட்ட இடத்தில் மட்டும் பழைய டப்பாவிலிருந்து தொட்டுப் பூசும் சிக்கனமும் வேண்டாம். சுவரில் இருக்கும் நிறம் இத்தனை ஆண்டு வெயிலிலும் தூசியிலும் மங்கியிருக்கும், ஒட்டுப்போட்டது அப்படியே தெரியும். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை முழுச் சுவரையும் பூசுங்கள்.

6. சுத்தம்: மேலிருந்து கீழே

ஒட்டடை, மின்விசிறி இறக்கை, விளக்கு மூடிகள், சன்னல், கதவுகளின் மேல்விளிம்பு, சுவிட்ச் பலகை, கடைசியாகத் தரை. தூசி கீழேதான் விழும் என்பதால் தரையை முதலில் துடைத்தவர் இன்னொரு முறை துடைக்க வேண்டியிருக்கும். இது தெரியாதவர் யாருமில்லை, ஆனாலும் அவசரத்தில் எல்லோரும் தரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சுவிட்ச் பலகையை ஈரத்துணியால் துடைக்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

சன்னல் கண்ணாடியை நேர் வெயில் படும்போது துடைக்காதீர்கள். துடைக்கும் முன்பே நீர்மம் காய்ந்து கோடு விழும். உள்பக்கத்தை மேலும் கீழுமாகவும் வெளிப்பக்கத்தை இடமும் வலமுமாகவும் துடையுங்கள். ஏதாவது கோடு மிஞ்சினால் எந்தப் பக்கத்தில் என்று அதன் திசையே காட்டிக்கொடுக்கும், உள்ளும் வெளியுமாக ஓட வேண்டாம்.

குளியலறையில் ஓர் எச்சரிக்கை. பிளீச்சையும் அமிலக் கழுவியையும் ஒருபோதும் ஒன்றாகவோ ஒன்றன்பின் ஒன்றாக அலசாமலோ பயன்படுத்தாதீர்கள். குளோரின் வாயு வெளியேறும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பளிங்குத் தரையில் வினிகர் உட்பட எந்த அமிலமும் படக் கூடாது. கறை போவதற்குப் பதிலாகக் கல்லின் பளபளப்பு அரித்துப்போகும், அதை மறுபடி கொண்டுவர மெருகேற்ற வேண்டியிருக்கும்.

7. வெளிச்சம்

சாமான்களை அமைக்கும் முன் விளக்குகளை முடித்துவிடுங்கள். இருண்ட மூலை எது என்று தெரிந்தால்தான் அங்கே எதை வைப்பது என்று தீர்மானிக்க முடியும்.

பல்பு உறையில் மூன்று எண்களைப் பாருங்கள். லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய 800 லூமென். கெல்வின் என்பது ஒளியின் நிறம். 2700 முதல் 3000 வரை இளமஞ்சள், 4000 நடுநிலை வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. மூன்றாவதான சிஆர்ஐ, பொருட்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைக் காட்டுகிறது. 90க்கு மேல் இருந்தால் மரமும் துணியும் உயிரோடு தெரியும்.

இவற்றில் கெல்வின் கலப்புதான் பெரும்பாலான வீடுகளில் நான் பார்க்கும் கோளாறு. ஒன்று பழுதானபோது ஒன்று மாற்றியதில் கூடத்தில் நான்கு விளக்கு, மூன்று நிறம். நேரில் கண் அதைச் சமாளித்துவிடும், கேமராவால் முடியாது. சுவரின் பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் விழும். ஓர் அறையில் உள்ள பல்புகள் எல்லாம் ஒரே எண்ணில் இருக்கட்டும்.

திரைக்கம்பியைச் சன்னல் சட்டத்தைவிட இருபுறமும் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமாக மாட்டுங்கள். திரையை ஒதுக்கினால் அது கண்ணாடியை மறைக்காமல் சுவரின் மேல் போய் நிற்கும். அதே சன்னலிலிருந்து கூடுதல் வெளிச்சம் வரும், சன்னலும் பெரிதாகத் தெரியும். செலவோடு ஒப்பிட்டால் இதைப்போல் பலன் தரும் வேலை வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

8. சாமான் அமைப்பு

ஒவ்வோர் அறைக்கும் ஒரு வேலை மட்டும். இஸ்திரி மேசையும் உடற்பயிற்சி மிதிவண்டியும் கணினியும் கட்டிலும் சேர்ந்து இருக்கும் அறையை வாங்குபவர் எந்த அறையாகவும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. படுக்கையறை என்றால் கட்டில், பக்கத்தில் சிறு மேசை, ஒரு விளக்கு. மற்றவை பெட்டிக்குப் போகட்டும்.

கட்டிலை வாயிலில் நிற்பவருக்குத் தலைமாடு தெரியும்படி போடுங்கள். இரண்டு பக்கமும் இறங்க 60 சென்டிமீட்டராவது விடுங்கள். ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் இருவர் தங்க முடியாத அறை என்று தோன்றும்.

கூடத்தில் எல்லோரும் செய்வது, நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் தள்ளி நடுவில் மைதானம் விடுவது. இடம் பெரிதாகத் தெரியும் என்ற நம்பிக்கை. காத்திருப்பு அறைபோலத்தான் ஆகும். சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுங்கள். இரண்டு நாற்காலிகளை அதைப் பார்த்துத் திருப்புங்கள். சோபாவுக்கும் நடுமேசைக்கும் இடையே 40 முதல் 45 சென்டிமீட்டர் இருந்தால் கை எட்டும், முழங்காலும் இடிக்காது. தரைவிரிப்பு இருந்தால் சோபாவின் முன்கால்களாவது அதன்மேல் நிற்க வேண்டும். நடுவில் தீவுபோல் கிடக்கும் சின்ன விரிப்பு அறையையே சுருக்கிவிடும். அளவு போதாத விரிப்பைவிட வெறும் தரை நல்லது.

சுவரில் படம் மாட்டினால் அதன் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரட்டும். நின்றவரின் கண் தங்கும் உயரம் அது. கண்ணாடியை மாட்டும் முன் அதில் எது தெரியும் என்று பாருங்கள். சன்னல் தெரிந்தால் வெளிச்சம் இரட்டிக்கும், கழிப்பறைக் கதவு தெரிந்தால் அதுவும் இரட்டிக்கும்.

சமையல் மேடையில் இரண்டு பொருளுக்கு மேல் வேண்டாம். வருபவர் தேடுவது மேடையின் நீளத்தைத்தான். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியவை எல்லாவற்றையும் உரித்தெடுங்கள்.

9. வாசல்

உள்ளே வேலை முடிந்த பின் வாசலுக்கு வாருங்கள். முன்பே செய்தால் பெட்டிகள் போகவர அது மறுபடி அழுக்காகும். அழைப்புமணி அடிக்கிறதா, பெயர்ப்பலகை மங்காமல் இருக்கிறதா, பூட்டு ஒரே திருப்பில் திறக்கிறதா என்று பாருங்கள். தரகர் சாவியோடு போராடும் அரை நிமிடமும் வந்தவர் கதவுக்கு ஓர் அடி தூரத்தில் நின்று மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அரை நிமிடத்தில் அவர் கண்ணில் படும் இடம் முழுவதும் துடைத்திருக்க வேண்டும்.

10. படம்

இப்போதுதான் படம். மனிதர்கள் வீட்டை முதலில் பார்ப்பது திரையில், அங்கே பிடிக்காவிட்டால் நேரில் வரப்போவதில்லை. படக்கலைஞரை அமர்த்த முடிந்தால் அமர்த்துங்கள், இல்லையேல் நீங்களே எடுக்கலாம்.

கேமராவை முக்காலியில் தரையிலிருந்து சுமார் 120 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். முகத்தின் உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் தரை அதிகமாகவும் சுவர்கள் சாய்ந்தும் விழும். கேமரா மட்டமாக இருந்தால் சுவரின் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும். மூலையிலோ வாயிலிலோ நின்று கிடைமட்டமாக எடுங்கள். கைப்பேசியின் மிக அகன்ற லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும், கழுவுதொட்டி படகுபோல் நீளும். அதை நம்பி நேரில் வருபவர் அறையைப் பார்த்ததும் ஏமாந்துபோவார். அந்த முகத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இப்போது அந்த லென்ஸைத் தொடுவதில்லை.

கழிப்பறை மூடி மூடியிருக்க வேண்டும், குப்பைக்கூடை வெளியே போயிருக்க வேண்டும், மின்விசிறி நின்றிருக்க வேண்டும். கணினியில் படத்துக்கு வெளிச்சம் கூட்டலாம். சுவர் விரிசலையோ சன்னலுக்கு வெளியே தெரியும் மின்கம்பத்தையோ அழிக்கக் கூடாது. காலி அறையில் கணினியால் சாமான் வரைந்து போட்டால் அப்படி வரைந்தது என்று படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.

11. ஆட்கள் பார்க்க வரும் நாட்கள்

வீட்டில் வசித்துக்கொண்டே விற்பவர்களுக்கு இதுதான் சோர்வான கட்டம். அறைக்கு ஒரு மூடியுள்ள கூடை வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்ததும் வெளியே கிடப்பவை அதற்குள் போகட்டும், கூடை வண்டிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகட்டும். பிறகு திரைகளைத் திறந்து, எல்லா விளக்குகளையும் போட்டு, சன்னல்களைப் பத்து நிமிடம் திறந்துவைத்து மூடுங்கள். பதினைந்து நிமிடத்தில் முடியும்படி ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

வளர்ப்பு விலங்குகளை அழைத்துக்கொண்டு நீங்களும் வெளியேறிவிடுவது நல்லது. வீட்டுக்காரர் கூடவே நடந்தால் யாரும் அலமாரியைத் திறக்க மாட்டார்கள், மனத்தில் பட்டதைப் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். நீங்களே காட்ட வேண்டிய நிலை என்றால் கதவைத் திறந்துவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ‘இதுதான் சமையலறை’ என்று சொல்லிக் கூடவே வர வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும்.

ஒவ்வொருவர் போன பிறகும் குழாய்கள் மூடியிருக்கின்றனவா, சன்னல் தாழ்கள் விழுந்திருக்கின்றனவா என்று ஒரு சுற்று வாருங்கள். அவர்கள் கேட்ட கேள்விகளை அதே நோட்டில் எழுதிவையுங்கள். வெவ்வேறு நாளில் வந்த மூன்று பேர் ஒரே மூலையைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்த மூலையில் நீங்கள் பார்க்கத் தவறிய ஏதோ ஒன்று இருக்கிறது. நான்காவது ஆள் வருவதற்குள் அளவு நாடாவோடு அங்கே போய் நில்லுங்கள்.